சும்மாதானே செய்தேன்! தென்னாப்பிரிக்க வேலை விசாவும் பக்க வேலையும்

டர்பனுக்கு வந்த ஆறாவது மாதம். சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். அந்த வீட்டில் தமிழ் பேசத் தெரிந்த கடைசி ஆள் அவர்தான். பேரப்பிள்ளைகளிடம் 'தாத்தா' என்ற சொல்லும் காவடிப் பாட்டின் சில அடிகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. இலையை மடித்ததும் பேச்சை எடுத்தார்.

"தம்பி, நீங்கள் கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறீர்கள்? கடைச் சரக்குக் கணக்கைக் கணினியில் ஏற்றித் தர முடியுமா? சனி, ஞாயிறு வந்தால் போதும். உழைப்புக்கு ஏதாவது தந்துவிடுகிறேன்."

"ஐயையோ, பணமெல்லாம் வேண்டாம் ஐயா. சும்மாவே செய்து தருகிறேன்" என்றேன்.

பெருந்தன்மையோடு கொஞ்சம் கணக்கும் அதில் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கிய வேலை விசா. பணம் வாங்கினால்தான் அது வேலை, வாங்காவிட்டால் உதவி, உதவிக்கு எந்தச் சட்டம் குறுக்கே வரும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் இருந்த அம்மையாரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்றார்.

அதுவரை நான் அதைப் படித்ததே இல்லை. படம் சரியாக இருக்கிறதா, எந்தத் தேதிவரை செல்லும், இவ்வளவுதான் பார்த்திருந்தேன். பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒட்டுச்சீட்டில், பெயருக்கும் தேதிக்கும் கீழே நிபந்தனை என்று ஒரு வரி உண்டு. இன்ன நிறுவனத்தில் இன்ன பதவியில் பணியாற்ற என்பதுதான் அதன் சாரம். 'தென்னாப்பிரிக்காவில் வேலை செய்யலாம்' என்று அதில் எங்கும் இல்லை. எனக்கு நாடு முழுவதும் திறந்திருக்கிறது என்று நான் எண்ணியிருக்க, கையில் இருந்ததோ ஒரே ஒரு வாசலுக்கான சாவி.

இந்த நாட்டின் குடிவரவுச் சட்டம் 2002ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம். வேலை விசாக்களை அதன் 19ஆவது பிரிவு வகுக்கிறது. பொது வேலை விசா, அரிய திறன் விசா, ஒரே குழுமத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து இங்கே மாற்றி அனுப்பப்படுவோருக்கான விசா என்பவை நம் ஆட்களிடம் பெரும்பாலும் இருப்பவை. சென்னை மென்பொருள் நிறுவனங்களிலிருந்து ஜொகன்னஸ்பர்க்குக்கு வருபவர்கள் பலர் மூன்றாவது வகை. அது அதிகபட்சம் நான்கு ஆண்டுகள், நீட்டிப்பு கிடையாது. பொது வேலை விசா ஐந்து ஆண்டுகள்வரை.

பெயர்களை விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சொல் 'வேலை'. அதற்குச் சட்டம் தரும் பொருளை மட்டும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதிப் பாதி தானாகப் புரிந்துவிடும். ஒரு தொழிலை நடத்துவதோடு வழக்கமாகச் சேர்ந்த எந்தச் செயலும் வேலைதான். ஒருவரிடம் பணியில் இருப்பதும், பணியில் இருப்பவர் செய்வது போன்ற செயல்களைச் செய்வதும், அவரவர் தொழிலுக்கு ஒத்த செயல்களைச் செய்வதும் வேலைதான். இவற்றை நாட்டின் எல்லைக்குள் செய்தால், ஊதியமோ வேறு பலனோ பெற்றாலும் பெறாவிட்டாலும் வேலைதான்.

பெற்றாலும் பெறாவிட்டாலும்! என் 'சும்மா' அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

இந்த வரையறையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. காவடித் திருவிழாவின்போது கோயில் மடைப்பள்ளியில் நான் மூட்டை மூட்டையாகக் கத்தரிக்காய் நறுக்கலாம். காய் நறுக்குவது என் தொழிலும் இல்லை, அங்கே எனக்கு முதலாளியும் இல்லை. அதே கோயிலுக்கு நன்கொடைக் கணக்குக்காக ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தால் அது 'என் தொழிலுக்கு ஒத்த செயல்' ஆகிவிடுகிறது. ஒரு சமையல்காரர் சமையல் விசாவில் வந்திருந்தால் நிலைமை தலைகீழ். அவர் கணினியைத் தட்டலாம், கத்தியை எடுக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். கோயிலுக்கு இணையதளம் செய்து கொடுத்ததற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் சட்டத்தின் கோடு எங்கே ஓடுகிறது என்பது தெரிந்திருப்பது நல்லது. எந்தத் தொழிலில் நாம் தேர்ந்தவர்களோ, அதைத்தான் நாம் சாதாரணமாக எண்ணி அள்ளிக் கொடுத்துவிடுகிறோம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பொது வேலை விசா எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 'இந்தக் குறிப்பிட்ட பணிக்கு உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்பதைத் தொழிலாளர் துறை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த ஓர் இடத்துக்கு வெளிநாட்டவர் வர முடியும். வேலையின்மை கழுத்தை நெரிக்கும் நாடு இது. உங்களுக்குக் கொடுத்தது அந்த ஓர் இடம் மட்டுமே. சனிக்கிழமை நீங்கள் எடுத்துக்கொள்ளும் இன்னோர் இடத்துக்கு உள்ளூர் ஆள் இருக்கிறாரா என்று யாரும் பார்க்கவே இல்லை. சாட்ஸ்வொர்த் கடைக்கணக்கை ஏற்ற அந்தத் தெருவிலேயே நான்கு பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

ஒரு முதலாளியோடு கட்டப்படும் இந்த ஏற்பாடு இந்த மண்ணில் நமக்குப் புதிதும் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு ஒதுக்கினார்களோ அங்கேதான் உழைக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டினால் பிடிப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறி பயிரிட்டும் தலையில் கூடை சுமந்து விற்றும் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியபோது, வெள்ளை வணிகர்களுக்கு உறுத்தியது. ஊருக்குத் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இருப்பவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி போட 1895இல் சட்டம் வந்தது. 1913 வேலைநிறுத்தம் அந்த வரியை எதிர்த்துதான் மூண்டது. மறு ஆண்டு வரி ஒழிந்தது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் நான் என்னை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்வது அபத்தம். ஆனால் 'வேலையை விட்டால் இங்கே நிற்கும் உரிமையும் போய்விடும்' என்ற கயிறு எவ்வளவு பழையது என்று அந்தப் பெரியவரின் வரவேற்பறையில் மாட்டியிருந்த பாட்டனார் படத்தைப் பார்க்கும்போது தோன்றத்தான் செய்கிறது.

இனி, நம்மவர்கள் அடிக்கடி கேட்பவை.

வீட்டில் இருக்கும் மனைவி இட்லி மாவு அரைத்து அடுக்ககத்தில் விற்கலாமா? வேலை விசா வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்கு இங்கே வழக்கமாகக் கிடைப்பது உடன் வருபவருக்கான வருகையாளர் விசா. அதில் வேலைக்கு இடமே இல்லை. மாவு விற்பதும், மாதச் சம்பளம் வாங்கிப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பதும், கணக்கு டியூஷன் எடுப்பதும் 'தொழில் நடத்துவதோடு சேர்ந்த செயல்' என்ற வலையில் விழுந்துவிடும். பொறியியல் படித்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கொடுமை இதனால் நடக்கிறது. இந்த இடத்தில் சட்டம் கண்மூடித்தனமாக இருக்கிறது என்பது என் கருத்து. என் கருத்தால் யாருக்கும் விசா கிடைக்காது. படித்த துறை அரிய திறன் பட்டியலில் (நாட்டில் ஆள் பற்றாக்குறை உள்ள பணிகள் என்று அரசு வெளியிடும் பட்டியல்) இருந்தால் அவர் தன் பெயரிலேயே வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

அர்ச்சகர்? ஒரு கோயிலின் பெயரில் வேலை விசா பெற்று யாழ்ப்பாணத்திலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்தவர், இன்னொரு ஊரில் கிரகப்பிரவேசம் செய்துவைத்து தட்சிணை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் பார்வையில் தட்சிணை கூலி இல்லை. சட்டத்தின் பார்வையில் தட்சிணை வாங்கினாரா இல்லையா என்பதே கேள்வி இல்லை. தன் தொழிலைச் செய்தார், விசாவில் எழுதிய இடத்துக்கு வெளியே செய்தார். கோயில் நிர்வாகமே தன் பணியின் பகுதியாக அவரை அந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தால் சங்கதி வேறு. அதனால் விவரம் தெரிந்த நிர்வாகிகள் வீட்டுப் பூசைகளைக் கோயில் ரசீதுப் புத்தகத்தின் வழியாகவே நடத்துவார்கள்.

மருத்துவர்களுக்குப் பூட்டுகள் அதிகம். அரசு மருத்துவமனையில் இருப்பவர் வெளியே ஊதியத்துக்கு வேலை செய்ய, பொதுச் சேவைச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி துறையின் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மருத்துவக் குழுமத்தின் பதிவே பல நேரம் அரசுப் பணிக்கு மட்டும் என்று இருக்கும். மூன்றாவது பூட்டு விசா. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முதல் பூட்டு மட்டும்தான் திறக்கும்.

இதையே மென்பொருள்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். 'மூன்லைட்டிங்' (ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலையும் பார்ப்பது) என்ற சொல் 2022இல் இந்தியச் செய்தித்தாள்களில் அடிபட்டதே, அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரம். சென்னையில் இருந்துகொண்டு இரண்டாம் வேலை பார்த்துப் பிடிபட்டால் வேலை போகும், அவ்வளவுதான். அங்கே நீங்கள் குடிமகன். இங்கே மூன்றாவது தரப்பாக அரசும் நிற்கிறது. முதலாளி 'தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுத்தாலும் அரசு கொடுக்காததை அவரால் கொடுக்க முடியாது. முதலாளி கோபித்துக்கொண்டு வேலையிலிருந்து நீக்கினாலோ, விசா நின்றுகொண்டிருந்த தூணே சரிந்துவிடுகிறது.

சென்னை நிறுவனத்துக்கு இணையம் வழியாகச் செய்தால்? பணம் இந்திய வங்கிக் கணக்கில் விழுகிறது, இங்குள்ள யாருடைய வாய்ப்பும் பறிபோகவில்லை என்று வாதிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்வது 'நாட்டின் எல்லைக்குள்'. பணம் எங்கே விழுகிறது என்பதைவிட, தட்டச்சு செய்யும் விரல்கள் எங்கே இருக்கின்றன என்பதே கேள்வி. வெளிநாட்டு முதலாளிக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று 2024இல் தனியாக ஒரு வருகையாளர் விசா வகையையே கொண்டுவந்தார்கள். ஆண்டு வருமானம் குறைந்தது சுமார் ஆறரை லட்சம் ராண்ட் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தொலைவேலைக்கு அனுமதியே தேவையில்லை என்றால் இப்படி ஒரு விசா எதற்கு?

பங்கு வாங்குவது, வைப்புநிதி வட்டி, ஊரில் இருக்கும் வீட்டின் வாடகை இவையெல்லாம் பணம் செய்யும் வேலை. நீங்கள் செய்யும் வேலை இல்லை. கவலை வேண்டாம். கம்பெனி தொடங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிறுவனப் பதிவு ஆணையமான சி.ஐ.பி.சி.யில் வெளிநாட்டவர் பாஸ்போர்ட் எண்ணை வைத்தே இயக்குநராகப் பதிந்துகொள்ளலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் அரசே அனுமதித்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பங்கு வைத்திருப்பது ஒன்று. கல்லாவில் உட்காருவது வேறொன்று. தொழில் நடத்துவதற்கான விசா 15ஆவது பிரிவில் தனியாக இருக்கிறது. பொதுவாக அதற்கு 50 லட்சம் ராண்ட் முதலீடு காட்ட வேண்டும், பணியாளர்களில் 60 சதவீதம் பேர் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்பாளர்களாகவோ இருக்க வேண்டும்.

வரி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வரித்துறையான சார்ஸ் (நோயின் பெயர் இல்லை, சுருக்கப் பெயர்தான்) வருமானம் வந்ததா என்று மட்டும் கேட்கும். வரி வாங்கிக்கொண்டதால் அந்த வேலைக்கு உரிமை பிறந்துவிடாது. இரண்டும் வெவ்வேறு துறை, வெவ்வேறு சட்டம்.

பிடிபட்டால் என்ன ஆகும்? சட்டத்தை மீறி நாட்டில் இருப்பவர் 'சட்டவிரோத வெளிநாட்டவர்'. 49ஆவது பிரிவின்படி அபராதமோ இரண்டு ஆண்டுவரை சிறையோ விதிக்கலாம். பிடித்துவைத்தால் 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2017இல் கூறியிருக்கிறது. நாடு கடத்தப்பட்டவர் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவார். உள்துறைத் தலைமை இயக்குநர் அந்தத் தடையை நீக்கும்வரை திரும்ப வர இயலாது. ஆனால் படித்த வேலையில் இருப்பவர்களுக்கு விலங்கு வருவதைவிட ஒரு தாள் வருவதுதான் அதிகம். விசா நீட்டிப்பு மறுக்கப்படுகிறது என்ற தாள். நீட்டிப்புக்கு, விசா முடிவதற்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கொடுக்கும் வங்கி அறிக்கைகளில் மாதாமாதம் ஏதோ ஒரு பெயரிலிருந்து வந்த தொகை தனியாகத் தெரியும். நிறுவன இயக்குநர்களின் பெயர்களை யாரும் தேடிப் பார்க்கலாம். நீங்களே பெருமையாக லிங்க்டு-இன்னில் போட்டதும் இருக்கும். மொட்டைக் கடிதம் எழுதும் கலையில் நம்மவர்கள் கடல் கடந்தும் தேர்ச்சி குன்றாதவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கொடுத்தவரும் மாட்டுவார். 38ஆவது பிரிவின்படி, ஒரு வெளிநாட்டவருடைய விசா தன்னிடம் வேலை செய்ய அனுமதிக்கிறதா என்று சரிபார்ப்பது முதலாளியின் கடமை. வேறு முதலாளிக்காக வந்தவரை வைத்துக்கொள்வதும் குற்றம்; சொந்த ஆளையே விசாவில் எழுதியதற்கு மாறான பணியில் போடுவதும் குற்றம். கடைக்குள் சட்டவிரோத வெளிநாட்டவர் ஒருவர் இருந்தால், அவரைக் கடைக்காரர்தான் வேலைக்கு வைத்திருக்கிறார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. தெரிந்தே வைத்திருந்தால் முதல் முறை அபராதம் அல்லது ஓராண்டுவரை சிறை, இரண்டாம் முறை இரண்டாண்டு, மூன்றாம் முறை அபராதம் கட்டித் தப்பும் வழியே இல்லாமல் ஐந்தாண்டுவரை. இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் வியர்த்தது. என் 'உதவி'யால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்!

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். அனுமதி இல்லாமல் வேலை செய்தவருக்குச் சம்பளமே தராமல், 'புகார் செய்தால் நீதான் மாட்டுவாய்' என்று மிரட்டும் முதலாளிகள் உண்டு. அந்த மிரட்டலுக்கு முழு பலம் கிடையாது. 2008இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில், செல்லத்தக்க வேலை அனுமதி இல்லாத ஓர் அர்ஜென்டினா நாட்டவரைத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி ஊழியராகவே கருத வேண்டும் என்று தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது நியாயமின்றி நீக்கப்பட்டால் சமரச மையமான சி.சி.எம்.ஏ.விடம் போகலாம். அந்தத் தீர்ப்பு விசாவைக் காப்பாற்றாது. உழைப்பைத் திருடுகிறவனிடமிருந்து உங்களைக் காப்பாற்றலாம்.

சரியான வழி இல்லாமல் இல்லை. நாட்டுக்குள் இருந்தபடியே விசாவின் நிபந்தனையை மாற்றித் தரும்படி, விசா விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் வி.எஃப்.எஸ். மையம் வழியாக உள்துறைக்கு விண்ணப்பிக்கலாம். புதிய சீட்டு கைக்கு வரும்வரை பழைய நிபந்தனைதான் ஆளும். 2024 அக்டோபரில் வந்த புள்ளி முறையில் படிப்பு, சம்பளம், அனுபவம் எல்லாம் சேர்ந்து 100 புள்ளி எட்டினால் வேலை விசா கிடைக்கும். அரிய திறன் பட்டியலில் உள்ள பணிக்கு அந்த நூறும் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். ஐந்து ஆண்டுகள் வேலை விசாவில் இருந்து, நிரந்தர வேலைக்கான உறுதியும் கையில் இருந்தால் 26ஆவது பிரிவின்படி நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். அது கிடைத்தபின் எந்தக் கடைக்கும் எந்தக் கணக்கையும் எழுதலாம். ஏற்கெனவே பக்க வேலையில் காலை வைத்துவிட்டவர்கள் முதலில் காலை எடுக்க வேண்டும், பிறகு குடிவரவு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். 'ஸ்டிக்கரை நானே மாற்றித் தருகிறேன்' என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போலி விசாவோடு பிடிபட்டால் நேரே தடைப் பட்டியல்தான். பக்க வேலை அதற்கு முன்னால் தூசு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த்துக்குப் போய், பாஸ்போர்ட்டை விரித்து அந்த ஒற்றை வரியைப் பெரியவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"எங்கள் பாட்டனாருக்கும் இப்படி ஒரு தாள் இருந்தது தம்பி. அவருக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

பிறகு உள்ளே பார்த்துப் பேத்தியைக் கூப்பிட்டார். பள்ளிக் கடைசி ஆண்டில் இருந்த அந்தப் பெண்தான் அரிசி, பருப்பு, மசாலா என்று பிரித்துக் கடைக்கணக்கை ஒரு விடுமுறையில் கணினியில் ஏற்றி முடித்தாள். நான் அந்தப் பக்கம் போனால் முறுக்குத் தட்டு வரும். கணினி இருக்கும் மேசைப் பக்கம் நான் போவதில்லை.